எங்கிருந்து அடி? பொன்னையாற்றுக் கணக்கும் ஒன்டாரியோ ஏரியும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பொன்னை, மேல்பாடி, திருவலம் பக்கம் இருப்பவர்களின் கைப்பேசிக்கு ஒரே வகைச் செய்தி திரும்பத் திரும்ப வரும்: ஆந்திரத்தில் கலவகுண்டா அணையிலிருந்து இத்தனை கனஅடி திறந்துவிட்டிருக்கிறார்கள், பொன்னையாற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குச் செல்லவும். அந்த எண் ஷட்டர் திறந்த உயரத்தைக் கொண்டு கணக்கிட்டதா, அணைக்குக் கீழே அளந்ததா, எத்தனை மணிக்கு உரியது என்பதெல்லாம் செய்தியில் இருக்காது. மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போக வேண்டியவருக்கு அவை தேவையும் இல்லை. ஆனால் அதே எண்ணைச் சில வருடங்கள் கழித்து எடுத்து வைத்துக்கொண்டு, மேலே இவ்வளவு திறந்தபோது கீழே எந்த அளவுக்கு மட்டம் ஏறியது, எத்தனை மணி நேரத்தில் ஏறியது என்று பார்க்க உட்கார்ந்தால், விட்டுப்போன அந்த விவரங்கள்தான் முழு வேலையையும் நிறுத்தி வைக்கின்றன.

நில அளவையும் வரைபடமும் எனக்குப் பிழைப்பு. காட்பாடியிலிருந்து அந்த வேலையைப் பார்க்கிறேன். பாலாறு, அதில் வந்து சேரும் பொன்னையாறு, கௌண்டின்யா ஆறு ஆகியவற்றின் நீர்மட்டக் குறிப்புகளைக் கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் திரட்டி ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று சிலர் சேர்ந்து முயல்கிறோம். சித்தூரில் நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கோலார் தங்கவயலில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர், வேலூர்ப் பக்கம் நாங்கள் இரண்டு மூன்று பேர். தங்கவயல் ஆசிரியரின் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்கள். எனவே மூன்று மாநிலம் என்றாலும் எங்களுக்குள் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. தரவுகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இப்படி ஒரு வேலையை எல்லை தாண்டி யாராவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொதுவான ஒன்டாரியோ ஏரி.

அங்கே கதை சுருக்கமாக இது. எல்லை நீர்நிலைகள் குறித்து 1909இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அதன்படி இரு நாட்டு உறுப்பினர்களும் சமமாக இருக்கும் சர்வதேசக் கூட்டு ஆணையத்தை அமைத்தார்கள். ஒன்டாரியோ ஏரியிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதை, கார்ன்வாலுக்கும் மசீனாவுக்கும் இடையில் இருக்கும் மோசஸ்-சாண்டர்ஸ் அணையைக் கொண்டு நெறிப்படுத்துகிறார்கள். அதற்கென இருந்த பழைய விதிமுறையின் பெயர் 1958-டி. அதை மாற்றலாமா என்று 2000ஆம் ஆண்டு தொடங்கி 2006 வரை பெரிய ஆய்வொன்று நடந்தது. கரையோரத்தில் வீடு கட்டியவருக்கு மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும், படகு விடுபவருக்கு உயர்ந்திருக்க வேண்டும், சரக்குக் கப்பலுக்குக் கீழே மொன்றியால் துறைமுகத்தில் ஆழம் வேண்டும், மின்நிலையத்துக்குச் சீரான ஓட்டம் வேண்டும், சதுப்பு நிலத்துப் பறவைக்கும் மீனுக்கும் மட்டம் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு தரப்புக்கும் தனி நிபுணர் குழு இருந்தது. அத்தனை குழுவும் இரு நாட்டுத் துறைகளிடமிருந்தும் தரவு வாங்கி, ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குக் கொடுத்து வேலை செய்தாக வேண்டும். அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அங்கே மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் தண்ணீர் சுமார் 6.7 டிஎம்சி மாறுகிறது. செம்பரம்பாக்கம் ஏரி முழுதும் நிரம்பினாலே 3.645 டிஎம்சிதான்.

ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு விலை இருக்கும் இடத்தில், மட்டத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. இதை அவர்கள் ஆய்வு தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே முடித்து வைத்திருந்தார்கள். ஒன்டாரியோவும் சேர்ந்த வட அமெரிக்கப் பேரேரிகளின் அடிப்படை நீரியல் தரவுகளை ஒத்திசைப்பதற்கென்று 1953இல் இரு நாட்டு நிபுணர்களையும் கொண்ட ஒரு குழு அமைந்தது. அக்குழு கியூபெக்கில் செயின்ட் லாரன்ஸ் கடலை நெருங்கும் இடத்தில் சராசரி நீர்மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, ஏரிகள் அனைத்துக்கும் ஒரே மட்டக் குறியீட்டை உருவாக்கியது. அது 1955ஆம் ஆண்டின் பெயரால் வழங்கியது. பழைய பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால் அந்தப் பகுதி நிலம் இன்றும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. அதுவும் இடத்துக்கு இடம் வெவ்வேறு வேகத்தில் எழும்புவதால், சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குறியீட்டையே புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 1992இல் நடைமுறைக்கு வந்த அடுத்த குறியீடு 1985ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியது. பழைய குறியீட்டின்படி ஒன்டாரியோ ஏரியின் வரைபட அடிமட்டம், அதாவது கப்பல் வரைபடத்தில் ஆழத்தை எண்ணத் தொடங்கும் மட்டம், 242.8 அடி, புதியதன்படி 243.3 அடி. ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலே காகிதத்தில் அரை அடி கூடிவிட்டது. எந்தக் குறியீடு என்று எழுதாமல் ஒரு வருடத்துக் கோப்பை இன்னொரு வருடத்துக் கோப்போடு ஒட்டிவிட்டால், அந்த அரை அடி 100 டிஎம்சிக்கு மேற்பட்ட பொய்த் தண்ணீராகக் கணக்கில் ஏறும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டிஎம்சி.

எங்கள் பக்கம் நிலைமை இதைவிட எளிதாக இருந்திருக்க வேண்டும். நமக்கு ஒரே நாடு, ஒரே இந்திய நில அளவைத் துறை, கடல்மட்டத்தோடு கட்டிய ஒரே மட்டக் குறியீடு. ஆனால் ஏரியிலும் அணைக்கட்டிலும் இருக்கும் அளவுகோல் கடல்மட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஏரி மதகின் அடிமட்டத்தைப் பூஜ்யமாக வைத்து அதிலிருந்து அடிக்கணக்கில் குறித்திருப்பார்கள். மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கருக்கு வேண்டியது மதகுக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, ஏரி நிரம்பிக் கோடி போக இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான், அதற்கு அது மிகப் பொருத்தமான பூஜ்யம். நான் போய்ப் பார்த்த ஓர் அளவுகல்லில் கீழே இரண்டு அடி வரைக்கும் பாசி மூடியிருந்தது. அதற்கு மேலே வெள்ளைப் பெயின்டின் மீது கறுப்பில் எழுதிய எண்கள் தெரிந்தன. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சிமென்ட் பூச்சு பெயர்ந்து, மறுபடி பூசி, எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள்; புதிய எட்டு பழைய எட்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதிவேட்டில் அந்தப் பூச்சு வேலையைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

சித்தூரிலிருந்து வந்த கோப்பில் மட்டம் மீட்டரில், கடல்மட்டத்துக்கு மேல் என்று இருந்தது. எங்களுடையது அடியில் இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டுத் தங்கவயல் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "ஏன் சார், ஒண்ணு அடி, ஒண்ணு மீட்டர், அவ்வளவுதானே? மாத்திட்டா ஒண்ணாப் போயிடாதா?"

"மாத்திடலாம் சார். எங்கிருந்து அடின்னு தெரியணுமே."

அதற்குச் சித்தூர்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நான் சர்வீஸ்ல இருந்தப்ப இந்தக் கேள்விய யாரும் கேக்கல. கேட்டிருந்தா அப்பவே ஆட்டோ லெவல் வெச்சு எடுத்துக் குடுத்திருப்பேன்," என்றார். அவர் சொன்னது உண்மைதான். கடல்மட்டத்திலிருந்து உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து அளவுகோலின் பூஜ்யம் வரை மட்டம் கொண்டுவருவது பெரிய செலவுள்ள வேலையல்ல. ஒரு கருவி, ஸ்டாஃப் என்னும் அளவுக் கம்பு ஒன்று, இரண்டு ஆள். செய்த பிறகு அந்த ஒற்றை எண் பழைய பதிவேடுகள் முழுவதையும் பயன்படுத்தத் தக்கதாக ஆக்கிவிடும், இடையில் அளவுகோல் நகராமல் இருந்திருந்தால்.

நேரத்தைப் பற்றியும் இதே பாடுதான், ஆனால் இது சீக்கிரம் தீரக்கூடியது. இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அந்த மழை, கணக்கு முடியும் நாளின் தேதியில் பதிவாகிறது. ஏரிப் பதிவேட்டில் காலையில் எடுத்த அளவு அன்றைய தேதியில் இருக்கும். இரவு பெய்த மழைக்கு மட்டம் ஏறியதை ஒப்பிடும்போது ஒரு நாள் முன்பின்னாகப் போவது இதனால்தான். ஒன்டாரியோ ஆய்வில் மாதத்தை நான்காக வகுத்து, வருடத்துக்கு 48 கூறுகள் என்று எல்லாக் குழுவும் ஒரே கால அலகைப் பின்பற்றின. ஏரியின் மட்டம் என்பதையும் ஏதோ ஒரு கரையில் எடுத்த அளவாக விடவில்லை. காற்று அடித்தால் ஒரு கரையில் தண்ணீர் ஏறி மறு கரையில் இறங்கும் என்பதால், அமெரிக்கக் கரையில் ஆஸ்வீகோ, ராச்செஸ்டர், கனடாக் கரையில் கிங்ஸ்டன், கோபர்க், டொராண்டோ, போர்ட் வெல்லர் ஆகிய ஆறு நிலையங்களின் சராசரியே ஏரியின் மட்டம் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

பாலாற்றுக் கோப்புகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றில், கட்டத்துக்குள் எழுதிய "0" மூன்று பொருள் தருகிறது: ஆற்றில் தண்ணீர் இல்லை; அன்று அளக்க ஆள் வரவில்லை; அளவுகோலே வெள்ளத்தில் போய்விட்டது. மூன்றாவது வகைப் பூஜ்யம் வருவது ஆற்றில் தண்ணீர் மிக அதிகமாக ஓடிய நாளில். அதைச் சராசரியில் சேர்த்தால் வெள்ள நாள் வறட்சி நாளாகிவிடும். எனவே வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு, ஏன் வெற்றிடம் என்பதை அடுத்த கட்டத்தில் எழுதுவது என்று முதல் கூட்டத்திலேயே விதி செய்துகொண்டோம். பழைய பதிவேட்டைத் தட்டச்சு செய்யும் மாணவர்களுக்கு இந்த ஒரு விதியைப் பழக்குவதற்குத்தான் அதிகம் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

இன்னும் ஆழமான கேள்வி, மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவதில் இருக்கிறது. அளவுகோலில் இத்தனை அடி என்றால் இத்தனை கனஅடி ஓடுகிறது என்ற வாய்பாடு, ஆற்றுப்படுகை மாறாத வரைக்கும்தான் செல்லும். பாலாற்றுப் படுகையில் எவ்வளவு மணல் போனது என்பதை ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரை எந்தப் பாலத்தின் அடியில் நின்று பார்த்தாலும் தெரியும். தூணின் அடித்தளம் வெளியே வந்து நிற்கிறது. படுகை இறங்கிய ஆற்றில் பழைய வாய்பாட்டைக் கொண்டு ஓட்டத்தைச் சொன்னால் அது நாம் விரும்பும் எண்ணாக இருக்கலாம், ஆற்றின் எண்ணாக இருக்காது. பேரேரிகளிலும் இந்தச் சண்டை வந்தது. மிச்சிகன்-ஹியூரான் ஏரிகளிலிருந்து தண்ணீர் இறங்கும் செயின்ட் கிளேர் ஆற்றின் படுகை அரிக்கப்பட்டதால்தான் மேலே மட்டம் தாழ்கிறது என்று கரையோரத்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். அதை ஆராய்ந்த இரு நாட்டு ஆய்வுக் குழு, 1963 முதல் 2006 வரை அந்த ஏரிகளுக்கும் ஈரி ஏரிக்கும் இடையிலான மட்ட வித்தியாசம் சுமார் 23 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்றும், அதில் 7 முதல் 14 சென்டிமீட்டர் வரை ஆற்றின் கடத்தும் திறன் மாறியதால் வந்தது என்றும் 2009இல் சொன்னது. மீதியைத் தட்பவெப்பத்துக்கும் நிலம் எழும்புவதற்கும் பங்கிட்டார்கள். மட்டக் குறியீடு ஒன்றாக இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பங்கீட்டைச் செய்திருக்கவே முடியாது. படுகை அளவை எடுத்த தேதியும் எடுத்த முறையும் ஒவ்வொரு கோப்போடும் இருக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

கோப்புகளை யார் வைத்திருப்பது என்பதில் இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே கணினியில் குவிக்கலாம். அல்லது பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு, என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்ற பட்டியலை மட்டும் பொதுவில் வைக்கலாம். முதல் வழி பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் சித்தூர்க்காரர் தன்னிடம் இருக்கும் பிரதியைத் திருத்தினால் நம் பிரதி அன்றே பழசாகிவிடும். அதற்காக முழுக்க இரண்டாம் வழியிலும் போக முடியாது, ஏனென்றால் ஒப்பீடு நடக்கும் காலத்தில் அடிக்கோப்பு அசையக் கூடாது. ஒன்டாரியோ ஆய்வில் ஒவ்வொரு மாற்று விதிமுறையையும் 1900 முதல் 2000 வரையிலான ஒரே நீர்வரத்துத் தொடரில் ஓட்டிப் பார்த்தார்கள். அதோடு புள்ளியியல் முறையில் உண்டாக்கிய 50,000 வருடத் தொடரிலும் ஓட்டினார்கள். ஒரு விதிமுறைக்கு ஒரு தொடர், மற்றொன்றுக்குத் திருத்திய தொடர் என்று இருந்தால் எது நல்லது என்று சொல்ல இடமில்லை. நாங்கள் நடுவழியாக, பட்டியலைப் பொதுவில் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில் எல்லோர் கோப்பையும் ஒரே நாளில் பிரதியெடுத்துப் பூட்டுகிறோம். அதற்குப் பிறகு வரும் திருத்தங்கள் அடுத்த வருடப் பிரதியில்தான் ஏறும்.

உரிமை விஷயத்தில் அங்கேயும் சமநிலை இல்லை. அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் உண்டாக்கும் தரவுக்குக் காப்புரிமை கிடையாது. கனடாவில் அரசின் பெயரிலேயே காப்புரிமை உண்டு. இரண்டையும் கலந்து செய்த வரைபடத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு கோப்புக்கும் எழுதி வைக்க வேண்டியிருக்கும். எங்கள் கோப்பில் வந்த சிறு சங்கடம் வேறு வகை: பழைய பதிவேட்டை ஒளிப்படம் எடுத்தபோது, ஓரத்தில் லஸ்கர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் விட்டது என்ற தகராற்றுக் குறிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. பொதுப் பிரதியில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் வைக்கிறோம்.

நிலையங்களுக்குப் பெயரை நம்பாமல் எண் கொடுத்ததும் நல்லதாகப் போயிற்று. பழைய ஆவணத்தில் வட ஆற்காடு என்றிருக்கும் ஊர், 1989க்குப் பின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்திலும், பிறகு வேலூரிலும், 2019க்குப் பின் ராணிப்பேட்டையிலும் வருகிறது. இன்னும் பின்னால் போனால் சித்தூரே வட ஆற்காட்டில் இருந்தது. 1911 வரை மாவட்டத்தின் தலைமையிடமே அதுதான். பொன்னையாற்றின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்த காலம் அது. பேரேரிகளில் இரு நாடுகள் கூடித் தரவுக் குழு அமைத்த அதே 1953இல், இங்கே ஆந்திர மாநிலம் பிரிந்து இந்த ஆற்றின் குறுக்கே மாநில எல்லை வந்தது. எல்லை போட்டவர்கள் ஒரு பொதுப் பதிவேட்டையும் போட்டிருக்கலாம்.

பாலாற்றைப் பற்றி வழக்கும் அறிக்கையும் நிறைய உண்டு. 1892ஆம் ஆண்டின் சென்னை-மைசூர் ஒப்பந்தத்து அட்டவணையில் அதன் பெயர் இருக்கிறது. ஆந்திரத்தின் தடுப்பணைகளை எதிர்த்துத் தமிழகம் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தினார்கள் என்று வாணியம்பாடிப் பக்கம் போராட்டம் நடந்தது. அந்த அடிகளும் எந்தப் புள்ளியிலிருந்து எண்ணியவை என்று எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. காவிரியில் எவ்வளவு கசப்பு இருந்தாலும், பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் அளவு ஒன்று இருக்கிறது. விவாதம் எவ்வளவு தர வேண்டும் என்பதில்தான், எவ்வளவு வந்தது என்பதில் அல்ல. ஒன்டாரியோவிலும் அப்படித்தான். புதிய விதிமுறையான திட்டம் 2014, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த வசந்தத்திலேயே ஏரி 75.88 மீட்டரைத் தொட்டது, 2019இல் அதையும் மிஞ்சி 75.92 மீட்டர். கரையோர மக்கள் திட்டத்தின் மீது பழி போட்டார்கள், சர்வதேசக் கூட்டு ஆணையம் மழையைக் காட்டியது, வழக்கு வரை போனது. அந்த 75.88 என்ற எண்ணில் மட்டும் இரு அரசுகளுக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. பாலாற்றுக்கும் பொன்னையாற்றுக்கும் இப்படியொரு எண் வேண்டும். பங்கீடு பேசுவதற்கு முன்னால் வேண்டும். வெள்ள எச்சரிக்கைக்காகவாவது மூன்று மாநில அதிகாரிகளும் ஒரே அட்டவணையைப் பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதற்கு அந்த ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது.

தை பிறந்து ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் பொன்னை அணைக்கட்டிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறோம். அருகில் உள்ள பெஞ்ச்மார்க் கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளவுகோலின் பூஜ்யத்துக்கு மட்டம் கொண்டுவந்து, அதே போல் எல்லைக்கு அப்பால் கலவகுண்டாவில் சித்தூர்ப் பெரியவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். நீர்வளத் துறையிடம் அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அந்தப் பக்கத்துக் கடிதத்தைத் தெலுங்கில் எழுதித் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். கருவி என்னுடையது இருக்கிறது. ஸ்டாஃப் பிடிக்க வர விருப்பமுள்ள மாணவர்கள் யாராவது இருந்தால், பொங்கலுக்குப் பிந்திய வாரத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.